இழந்த சிசிலியும் எழுதாத தெல்தெனியவும்

அண்மையில் கொழும்பிலிருந்து வரும் வார இதழொன்றில் நண்பர் ஒருவரின் பயணக் கட்டுரை வாசிக்கக் கிடைத்தது. இத்தாலியின் தெற்கே, மத்தியதரைக் கடலிலுள்ள சிசிலித் தீவுக்குப் போய், அதன் தென்கிழக்கு மூலையிலுள்ள பழைய நகரங்களையும் கடற்கரைகளையும் பத்து நாட்கள் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருந்தார். நண்பரின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. அவர் நல்ல கவிஞர். என் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டவர். இருந்தாலும் அக்கட்டுரையின் கடைசிப் பந்தி கிளப்பிய எரிச்சல் மூன்று வாரமாகியும் அடங்காததால் இதை எழுதுகிறேன்.

நோட்டோ நகரின் பிரதான வீதியில், மாலை வெயிலில் தேன் நிறமாக மாறும் மாளிகைகளுக்கு முன்னால் நின்று நண்பர் அழுதிருக்கிறார். இவையெல்லாம் ஒரு காலத்தில் நம்முடையவை, நாம் இழந்தவை என்று அவருக்குத் தோன்றியதாம். ஸ்பெயினின் அந்தலூசியாவைப் பற்றி நம்மவர்கள் எழுதிக் குவித்த ஒப்பாரிகள் போதாவென்று இப்போது சிசிலிக்கும் ஒன்று. கட்டுரைக்கு வந்த வாசகர் கடிதங்களில் ஒருவர் கண்ணீர் விட்டிருந்தார். இன்னொருவர் குழுவாக உல்லாசப் பயணம் ஏற்பாடு செய்ய முடியுமா என்று விசாரித்திருந்தார்.

நானும் அந்த வீதியில் நின்றவன். 2023 மே மாதம், எட்டு நாட்கள். ஓய்வூதியத்தில் சீவிக்கும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு இதெல்லாம் எப்படிச் சாத்தியம் என்று கேட்பீர்கள். என்னிடம் ஆங்கிலம் படித்த சிங்கள மாணவன் ஒருவன் கட்டானியா நகரில் ஒரு கிழவரைப் பராமரிக்கும் வேலை பார்க்கிறான். தெல்தெனியப் பக்கத்துப் பொடியன். வருடக்கணக்காக “வாங்க சேர், வாங்க சேர்” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் கடைசியில் டிக்கட்டையே அனுப்பிவிட்டான். அவனுடைய சிறிய காரில்தான் நான் அந்த நகரங்களைப் பார்த்தேன்.

முதலில் ஒரு சாதாரண உண்மை. நோட்டோவின் அந்த வீதியில் முஸ்லிம்கள் கட்டிய ஒரு கல்கூட இல்லை. 1693 ஜனவரி 11ஆம் திகதி நிகழ்ந்த பூமியதிர்ச்சியில் தென்கிழக்குச் சிசிலி தரைமட்டமானது. சுமார் 60,000 பேர் மாண்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். இன்று நாம் வாய் பிளந்து பார்க்கும் நகரங்கள் யாவும் அதன் பிறகு, பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டில், கத்தோலிக்கப் பிரபுக்களும் துறவி மடங்களும் கட்டுவித்தவை. வளைந்து நெளியும் முகப்புகள், அகன்ற படிக்கட்டுகள், பார்ப்பவனை மலைக்க வைப்பதற்கென்றே செதுக்கிய சிற்பங்கள் என்று அமைந்த அந்தப் பாணியைத்தான் பரோக் என்கிறார்கள். கட்டானியா, நோட்டோ, ராகுசா, மோதிக்கா, ஷிக்லி உட்பட எட்டு நகரங்களை யுனெஸ்கோ 2002இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. சிசிலியின் கடைசி முஸ்லிம்கள் தீவிலிருந்து அகற்றப்பட்டு நானூறு வருடங்களுக்கு மேல் கழிந்த பின்னர் எழுந்த சுவர்களைப் பார்த்து என் நண்பர் அழுதிருக்கிறார்.

முஸ்லிம்களின் நோட்டோ வேறிடத்தில் இருந்தது. அல்வேரியா என்ற மலையின் மேல், இப்போதைய நகரிலிருந்து சுமார் 8 கிலோமீற்றர் தொலைவில். 864இல் அது முஸ்லிம்களின் கைக்கு வந்தது. 1091இல் நோர்மன்களிடம் சரணடைந்தது. தீவில் கடைசியாக வீழ்ந்த முஸ்லிம் கோட்டை அதுதான். 1693இல் அந்தப் பழைய ஊர் இடிந்தபோது, அரச பிரதிநிதியாக வந்த கமஸ்த்ராப் பிரபு அதைக் கைவிட்டுக் கீழே சரிவில் புதிய நகரம் அமைக்கும் பொறுப்பைப் பார்த்தார். ஊர்ச் சனங்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. பழைய இடத்தை விட்டு வரமாட்டோம் என்று வருடக்கணக்காகப் பிணங்கினார்கள். முடிவில் பிரபுக்களும் மடங்களும் எங்கே கட்டினார்களோ அங்கே நகரம் நிலைத்தது. நண்பரின் கட்டுரையில் இந்தப் பிணக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நிக்கொலாச்சி மாளிகையின் பால்கனிகளைத் தாங்கும் சிங்கங்களையும் குதிரைகளையும் கடற்கன்னிகளையும் மட்டும் ஒவ்வொன்றாக வருணித்திருக்கிறார். நன்றாகவே வருணித்திருக்கிறார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். தங்கள் ஊரைத் தூக்கி இன்னோரிடத்தில் வைத்துவிட்டதால் மனம் ஒடிந்த மனிதர்களைப் பற்றி, என்னைப் போலத் தெல்தெனியவுக்கு மேலே வசிக்கும் ஒருவனால் அவ்வளவு இலகுவாகக் கடந்து போக முடியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சிசிலியில் முஸ்லிம்களின் எச்சம் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. மோதிக்காவிலிருந்து கீழிறங்கும் வழியில் ஒரு தோட்டத்தின் ஓரமாகக் காரை நிறுத்தினோம். எலுமிச்சை மரங்கள். நடுவில் சதுரமான கல் தொட்டி. என் மாணவன் தோட்டக்காரரிடம் அதற்கு என்ன பெயர் என்று கேட்டான். “ஜெப்பியா” என்றார் அவர். அரபியின் ஜாபியாதான். அதிலிருந்து போகும் வாய்க்கால் “சாயா”, நம் மௌலவிமார் கித்தாபில் படிக்கும் ஸாக்கியா. எள்ளுக்கு “ஜுஜ்ஜுலேனா”. தோடம்பூவுக்கு “ஸாகரா”. அந்த மனிதர் ஒரு கத்தோலிக்கர், கழுத்தில் சிலுவை, கையில் மண்வெட்டி. ஆயிரம் வருடத்துக்கு முந்திய அரபுத் தோட்டக்காரர்களின் சொற்களை அவர் தம்முடைய சொற்களாகவே பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, நண்பரே. நல்ல சந்தோஷமாக இருந்தது. எலுமிச்சையையும் கரும்பையும் பருத்தியையும் நீர்ப்பாய்ச்சலையும் கொண்டுவந்தவர்களின் உழைப்பு எங்கும் இழக்கப்படவில்லை. அதை அனுபவிக்கிறவர்கள் வேறு பெயருடன் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இழந்துவிட்டோம் என்று புலம்புகிறவர்களுக்குப் பிடித்த கவிஞர் இப்னு ஹம்தீஸ். சிசிலியில் பிறந்து, நோர்மன்கள் தீவைக் கைப்பற்றிக்கொண்டிருந்தபோது 1078 அளவில் புறப்பட்டு, செவில்லில் மன்னரின் அவையைச் சேர்ந்து, சாகும்வரை சிசிலியை நினைத்துப் பாடியவர். பெரிய கவிஞர்தான். ஆனால் கவிஞருக்கு ஏறிப் போகக் கப்பலும், போன இடத்தில் ஓர் அரசவையும் கிடைத்தன. தொட்டி கட்டியவனுக்கு எந்தக் கப்பல் கிடைத்தது? அவனைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இப்னு ஜுபைரிடம் போக வேண்டும். ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய அந்த அந்தலூசிய எழுத்தரின் கப்பல் 1184 டிசம்பரில் மெஸ்ஸினாவுக்கு அருகே உடைந்தது. முஸ்லிம் ஆட்சி முற்றாக முடிந்து நூறு வருடமும் ஆகவில்லை. மன்னனின் அரண்மனையில் முஸ்லிம் உத்தியோகத்தர்கள் நிறைந்திருப்பதைப் பார்த்து முதலில் வியந்தவர், போகப்போக அவர்கள் தனிமையில் இரகசியமாகச் சொன்ன கதைகளை எழுதிக்கொண்டார். திராப்பனியில் ஒரு கண்ணியமான மனிதர் தன் மகளை யாத்திரிகர் ஒருவருடன் அனுப்பிவைக்க முன்வந்ததை எழுதுகிறார். அவர் விரும்பினால் மணந்துகொள்ளட்டும், இல்லாவிட்டால் அவர் ஊரில் வேறு யாருக்காவது மணமுடித்து வைக்கட்டும், மகள் இந்தத் தீவில் வாழாமலிருந்தால் போதும் என்பதுதான் தகப்பனின் வேண்டுகோள். 1220களில் தொடங்கி இரண்டாம் பிரெடெரிக் மன்னன் எஞ்சிய முஸ்லிம்களைக் கூட்டம் கூட்டமாக இத்தாலிய நிலப்பரப்பிலுள்ள லுச்சேராவுக்குப் பெயர்த்தான். 1300இல் அந்தக் குடியேற்றமும் அழிக்கப்பட்டு, இருந்தவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். இருந்து பார்த்தவர்களின், அனுபவித்தவர்களின் கதை இதுதான். நண்பரின் கட்டுரையில் இப்னு ஹம்தீஸ் மூன்று இடத்தில் வருகிறார். இப்னு ஜுபைர் ஓரிடத்திலும் வரவில்லை.

இன்னொன்றையும் நாம் மறைக்கக் கூடாது. முஸ்லிம்கள் சிசிலிக்கு விருந்தாளிகளாகப் போகவில்லை. 827இல் மஸாராவில் படை இறங்கியது. 878இல் நீண்ட முற்றுகைக்குப் பிறகு சிராக்கூசா வீழ்ந்தபோது நடந்த கொலையை, அதில் சிறைப்பட்ட தியோடோசியஸ் என்ற துறவி எழுதி வைத்திருக்கிறார். நம்முடைய வெற்றிக்கு வரலாறு என்றும் அடுத்தவனுடைய வெற்றிக்குக் கொடுமை என்றும் பெயர் வைக்கிறவன் எழுத்தாளனாக முடியாது.

ஷிக்லிக்கு வருகிறேன். மூன்று பள்ளத்தாக்குகள் கூடும் இடத்தில் ஒளித்து வைத்தது போலிருக்கும் சின்ன நகரம் அது. மொன்டல்பானோ என்ற இத்தாலியத் தொலைக்காட்சித் தொடரில் வரும் பொலிஸ் நிலையம் இங்குள்ள மாநகர மண்டபம்தான் என்று ஒரு பெரிய கூட்டம் படமெடுத்துக்கொண்டு நின்றது. நாங்கள் அதைத் தாண்டி பெனெவென்தானோ மாளிகைக்குப் போனோம். பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடம். மூலைச் சுவரிலும் பால்கனிகளின் அடியிலும் மனிதத் தலைகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. தடித்த உதடுகள், வெளியே தள்ளிய நாக்குகள், விழி பிதுங்கிய முகங்கள். அவற்றுள் சில சோனகர் தலைகள். தலைப்பாகையும் இருக்கிறது.

என் மாணவன் கையேட்டை வாசித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான். பிறகு, “சேர், இது உங்கட ஆட்களாம்” என்றான். அவனுக்கு வெட்கமாக இருந்தது, ஏதோ அவனே செதுக்கியதுபோல.

நாங்கள் போனது மே மாதம். ஷிக்லியில் அம்மாதக் கடைசியில் ஒரு திருவிழா நடக்கும். 1091இல் சரசேனியர் படை கரையிறங்கியபோது கன்னி மரியாள் வெள்ளைக் குதிரையில் தோன்றி அவர்களைத் துவம்சம் செய்தார் என்பது ஐதிகம். அதைச் சதுக்கத்தில் நாடகமாக ஆடிக் காட்டுகிறார்கள். அதற்கென்றே செய்யும் ஒரு பலகாரத்தின் பெயர் “துருக்கித் தலை”. தலைப்பாகை போல ஊதிப்போன பெரிய பணியாரம், உள்ளே பாற்கட்டியோ கிறீமோ. வாங்கிச் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். மாவில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பதாகக் கடைக்காரி சொன்னார். ஆகவே துருக்கியன் என் பல்லிலிருந்து தப்பினான்.

நண்பர் ஷிக்லிக்கும் போயிருக்கிறார். அந்த மாளிகையைக் கலையின் உச்சம் என்று ஒரு வரியில் புகழ்ந்துவிட்டுப் போய்விட்டார். தலைகள் அவர் கண்ணில் படவில்லையா, அல்லது பட்டும் எழுதத் தோன்றவில்லையா? அழுவதற்கு வந்தவருக்கு அவை இடைஞ்சலாக இருந்திருக்கும். அந்தக் கல்தச்சனின் தலைமுறை கண்ட சோனகன், தொட்டி கட்டியவனின் பேரன் அல்லன். வடஆபிரிக்கக் கரையிலிருந்து கடற்கொள்ளைக்கு வந்து ஆட்களைப் பிடித்துப் போனவன், அல்லது இவர்கள் பிடித்து வைத்திருந்த அடிமை. கரையோரம் முழுக்க நிற்கும் காவல் கோபுரங்கள் அந்தப் பயம் பொய்யல்ல என்று காட்டுகின்றன. பயம் உண்மை, முகம் பொய். பயந்தவனுக்குப் பக்கத்தில் ஒரு சோனகன் கடை வைத்து, கடன் கொடுத்து, பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் மருந்து வாங்கி அனுப்பி வாழ்ந்திருந்தால், அந்தத் தலையை அவன் அப்படிச் செதுக்கியிருப்பானா?

செதுக்கியிருப்பான் என்பதை நான் ஏற்கெனவே அறிந்திருந்தேன். என்னுடைய வீதியில் பார்த்திருக்கிறேன்.

ஷிக்லியிலிருந்து கடற்கரைக்குக் கொஞ்சத் தூரம்தான். தொன்னலுக்காத்தா என்ற மீனவ ஊர். இந்தப் பெயரின் மூலம் அய்னுல் அவ்காத், நேரங்களின் ஊற்று. ரோஜர் மன்னனுக்காக 1154இல் முடித்த தன் பூகோள நூலில், தொழுகை நேரங்களில் நீர் சுரந்து மற்ற வேளைகளில் வற்றிவிடும் ஓர் ஊற்றென்று இதை அல்-இத்ரீசி குறிப்பிடுகிறார். அரபுப் பெயர் மருவி மருவி இத்தாலிய வாயில் ஒரு சீமாட்டியின் பெயராகிவிட்டது. மணல் நல்ல மணல். பகல் இரண்டு மணி இருக்கும். நான் லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவன் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “சேர், 2018 மார்ச்சில் பேஸ்புக்கில் வந்த ஒரு வீடியோவை நானும் பகிர்ந்தேன். இங்கே கட்டானியாவில் இருந்துகொண்டு. பிறகு அழித்துவிட்டேன். சேரிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது.”

எங்கள் வீதி என்று நான் சொல்வது கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் வீதி. குண்டசாலை, திகன, தெல்தெனிய, மெதமஹநுவர, பிறகு நான் இருக்கும் ஹுன்னஸ்கிரிய. இதற்குமேல் நக்கிள்ஸ் மலை, மூடுபனி, மீமுரேக்குத் திரும்பும் பாதை. 2018 பெப்ரவரி 22ஆம் திகதி இப்பகுதியைச் சேர்ந்த சிங்கள லொறிச் சாரதி ஒருவரை முஸ்லிம் இளைஞர்கள் நால்வர் தாக்கினார்கள். மார்ச் 3ஆம் திகதி அவர் மரணமானார். நம்மவர் எழுதும் திகனக் கட்டுரைகளில் இந்த முதல் மரணம் பெரும்பாலும் அரை வரியில் முடிந்துவிடும். அதன் பின் நடந்ததை எல்லாரும் அறிவார்கள். கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீட்டினுள் ஒரு முஸ்லிம் இளைஞர் உயிரிழந்தார். மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமானது. தன் தளம் இந்த வன்செயலுக்குத் துணைபோனதற்காக 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனமே மன்னிப்புக் கேட்டது.

நான் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? சற்று நேரத்தால் அவன், “ராத்தாவின் கடைக்கு என்ன நடந்தது?” என்று கேட்டான். சொன்னேன்.

என் ராத்தாவும் மச்சானும் இந்த வீதியில் ஒரு சில்லறைக் கடை நடத்தி வந்தார்கள். சாமான் போனது போகட்டும், அரிசியும் பருப்பும் திரும்ப வாங்கலாம். கடன் கொப்பி எரிந்தது. இருபது வருடக் கொப்பிகள். யார் எவ்வளவு தரவேண்டும் என்பதற்கு எந்த அத்தாட்சியும் இல்லாமற் போய்விட்டது. இரண்டு வாரம் கழித்து ஒரு சிங்களக் கிழவி வந்து, எனக்கு ஞாபகமிருக்கிறபடி 1,840 ரூபாய் என்று எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனாள். பிறகு சிலர் வந்தார்கள். பலர் வரவில்லை. வராதவர்களில் முஸ்லிம்களும் உண்டு. தலையைக் குனிந்துகொண்டு வந்த ஓர் இளைஞன் காசு கொடுக்கும்போது கையில் தீக்காயம் இருந்ததாக ராத்தா சொல்வாள். அடுப்பில் சுட்டதாகவும் இருக்கலாம் என்று அவளே சேர்த்தும் சொல்வாள். நமது கவிதைகளில் திகன வருகிறது, தீ வருகிறது, இரத்தம் வருகிறது, பிறை வருகிறது. கடன் கொப்பி எங்கும் வரவில்லை.

நம்மைப் பற்றி நாம் மேடையில் சொல்லும் கதைகளைப் பாருங்கள். இன ஒற்றுமைக் கூட்டமென்றால் பங்கரகம்மனக் கதை கட்டாயம் வரும். பகைவர் துரத்த, மஹியங்கனைப் பக்கத்தில் ஒரு மரப்பொந்தில் ஒளிந்த கண்டி மன்னனைக் காட்டிக்கொடுக்காமல் ஒரு முஸ்லிம் பெண் உயிரை விட்டாள், மன்னன் என்னைக் காத்த இரத்தம் என்றான், அதிலிருந்தே நமக்கு மரக்கல என்ற பெயர் வந்தது என்பார்கள். கேட்க நெகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் இல்லை. அவள் என்ன பயிரிட்டாள், பிள்ளைகள் எத்தனை, ஒன்றும் தெரியாது. ஷிக்லியில் கன்னி மரியாளின் குதிரைக் காலடியில் விழுவதற்கு ஒரு சோனகன் தேவை. இங்கே மன்னனின் உயிரைக் காப்பதற்கு ஒரு சோனகத்தி தேவை. நமது நண்பர் முதலாவதைப் பார்க்க மறுக்கிறார். மேடைப் பேச்சாளர்கள் இரண்டாவதைப் பதக்கமாக அணிந்துகொள்கிறார்கள். தவளம் கட்டி எருதுகளின் மேல் உப்பும் கருவாடும் ஏற்றிக் கிழக்கிலிருந்து மலையேறியவர்களையும், கண்டி அரசின் மடிகே பத்த என்ற போக்குவரத்துப் பிரிவில் ஊழியம் செய்தவர்களையும் பற்றி நம்மில் யார் ஒரு கதை எழுதினார்கள்? வரலாற்றாசிரியர்கள் கொஞ்சம் எழுதியிருக்கிறார்கள். இலக்கியத்தில் நான் தேடிக் காணவில்லை.

இப்போது தெல்தெனிய. பழைய தெல்தெனிய இப்போதைய நகரமல்ல. மகாவலித் திட்டத்தின் கீழ் கட்டி 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணைக்கட்டின் நீர் அதை மூடிவிட்டது. சனங்களை வேறிடங்களில் குடியமர்த்தினார்கள். மேட்டில் புதிய நகரம் எழுந்தது. நான் அப்போது இளைஞன். பழைய பஸ் நிலையத்துக்கு எதிரே வாப்பாவின் கூட்டாளி ஒருவர் தையல் மெஷினுடன் உட்கார்ந்திருப்பார். பெருநாள் சட்டைக்கு அளவெடுக்கும்போது வேண்டுமென்றே கிச்சுக்கிச்சு மூட்டுவார். புதிய நகரத்தில் கடை கிடைத்தும் அவர் போகவில்லை. அங்கே வெயில் வேறு பக்கத்தால் வருகிறது, ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை என்று சொன்னார். இரண்டு வருடத்தில் மௌத்தானார். என் மாணவனின் பாட்டனாரின் வீடும் அதே தண்ணீருக்குள்தான் இருக்கிறது. நோட்டோவில் நின்றுகொண்டு, பழைய மலையை விட்டு வர மறுத்த சனங்களைப் பற்றி அவனுக்கு வாசித்துக் காட்டியபோது, “சேர், எங்கட ஆச்சியும் இதையேதான் சொன்னா” என்றான். சிசிலியில் எனக்குக் கிடைத்த ஒரே கண்ணீர் அது. என்னுடையதல்ல, அவனுடையது.

நோட்டோ பெரிய நகரம், உலக மரபுரிமை, தெல்தெனிய ஒரு பட்டிக்காட்டுச் சந்தி, இரண்டையும் ஒப்பிடலாமா என்று நண்பர் கேட்கக்கூடும். சரி, மரபுரிமைப் பட்டியலில் உள்ள ஒன்றையே எடுப்போம். காலிக் கோட்டை 1988இல் அப்பட்டியலில் சேர்ந்தது. கடற்கரை இருக்கிறது, ஒல்லாந்தர் வீடுகள் இருக்கின்றன. வெளிச்சவீட்டுக்கு எதிரேயுள்ள மீரான் ஜும்ஆப் பள்ளியின் முகப்பைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் தேவாலயமென்று நினைத்துவிடுவார்கள், அத்தனைக்குப் பரோக்கின் சாயல் அதில் இருக்கிறது. அந்தத் தெருக்களில் தலைமுறைகளாக வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் பல, இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வீடுகளை விற்றுவிட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. வாங்கியவர்கள் அவற்றை விடுதிகளாகவும் கோப்பிக் கடைகளாகவும் மாற்றியிருக்கிறார்கள். விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை, கிடைத்த விலை அப்படி. ஆனால் அந்த வீடுகளின் குசினிகளில் என்ன சமைத்தார்கள், எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் அள்ளினார்கள் என்று எழுதிவைக்க இன்னும் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள்? கொழும்பிலிருந்து காலிக்கு நெடுஞ்சாலையில் இரண்டு மணித்தியாலம்கூட எடுக்காது. நண்பர் கட்டுநாயக்காவுக்குப் போய்விட்டார்.

கடைசியாக ஒரு கடற்கரை. தொன்னலுக்காத்தாவிலிருந்து கரையோரமாகக் கிழக்கே போனால் சம்பியேரி. எரிந்துபோன ஒரு பழைய செங்கல் ஆலை தேவாலயம்போலக் கடலோரத்தில் நிற்கிறது. நீண்ட மணல் வெளி. நண்பர் இங்கே சூரிய அஸ்தமனத்தைப் பார்த்து ஒரு கவிதையும் எழுதியிருக்கிறார். இதே மணலில் 2013 செப்டம்பர் 30ஆம் திகதி, கரைக்கு மிக அருகில் படகிலிருந்து இறங்கியவர்களில் 13 பேர் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலும் எரித்திரியர்கள். மூன்று நாள் கழித்து லம்பெதூசாத் தீவுக்கு அருகே 368 பேர். அவர்களில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். சம்பியேரியிலிருந்து கொஞ்சத் தூரத்திலுள்ள பொசாலோத் துறைமுகத்தில்தான் மீட்கப்பட்டவர்களை இறக்குகிறார்கள். மேற்கே விட்டோரியாப் பக்கம் கரையோரம் முழுக்கப் பிளாஸ்டிக் கூடாரத் தோட்டங்கள். உள்ளே தக்காளி பறிக்கிறவர்களில் துனீசியாக்காரர்கள் ஏராளம். ஒன்பதாம் நூற்றாண்டில் அவர்களுடைய முன்னோர் வந்த அதே கடல், அதே பக்கம். சிசிலியில் இன்றைக்கு இருக்கும் முஸ்லிம் இவன்தான். தக்காளிக் கூடாரத்தின் வாசலில் ஒருவர் எங்களுக்கு ஸலாம் சொன்னார், தண்ணீர் தந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். ஸரந்தீப் என்றேன். சிரித்தார். சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை, தோட்டத்து மேற்பார்வையாளர் வந்துகொண்டிருந்தார்.

நண்பரே, உங்கள் கட்டுரைக்கு என் எதிர்ப்பு இவ்வளவுதான். பால்கனியின் கீழுள்ள கடற்கன்னிகளை எண்ணிய அதே கண்ணை எனக்குக் கொஞ்சம் கடனாகத் தாருங்கள். நாற்பது வருடங்களாக வகுப்பறையில் இலக்கணம் சொல்லிக்கொடுத்ததில் என் கை காய்ந்துவிட்டது, உங்களுக்கு எழுத வருகிறது. மழை பொய்க்கும் வருடங்களில் விக்டோரியாவில் நீர் இறங்கும்போது பழைய தெல்தெனியவின் இடிபாடுகள் சில மேலே தெரியும். சேறு காய்ந்தால் நடந்தும் போகலாம். கண்டியிலிருந்து மஹியங்கனை பஸ்ஸில் ஏறி ஹுன்னஸ்கிரியவில் இறங்குங்கள், இராத்தங்கிவிட்டு விடிய இருவருமாகக் கீழே போவோம். தையற்கடை இருந்த இடத்தை என்னால் இன்னும் காட்ட முடியும் என்று நினைக்கிறேன். ராத்தாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். புதிய கொப்பியைக் காட்டுவாள், ஆனால் உங்களுக்குக் கடன் கிடையாதாம்.